வர்ஷினி அனுப்பிய டப்பாவும் புவனாவின் முழங்காலும்

கருமத்தம்பட்டி
தை ஐந்து, காலை, கரண்ட் இல்லாத நேரம்

அன்புள்ள வர்ஷினி அம்மணிக்கு, எட்டு விசைத்தறிகளுக்கு ஏக சக்கரவர்த்தியும், பதினாறு சொந்தப் பற்களுக்கு அதிபதியும், உன்னை மடியில் வைத்துக் காது குத்திய நாளில் உன்னைவிடச் சத்தமாக அழுதவனுமாகிய உன் தாய்மாமன் சென்னிமலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம், தறிகள் சுகம், கரண்ட் மட்டும் சுகமில்லை. டொராண்டோவில் நீ பனிக்கு நடுவில் ஜலதோஷம் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டுமென்று நம் ஊர்ப் பிள்ளையாரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா சுகமா என்று கேட்பாய். அதை ஒரு வார்த்தையில் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பக்கத்திலேயே உன் அத்தையின் காது இருக்கும், அந்தக் காதில் விழுந்தது பத்து நிமிடத்தில் அடுத்த வீட்டில் இருக்கும் உன் அம்மாவுக்குப் போய்விடும். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாலோ சோமனூர் வரைக்கும் தண்டோரா. அதனால் தாளில் எழுதி, கோயமுத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நம் அமீர் ஹம்சா மகன் ரைஹானிடம் கொடுக்கப்போகிறேன், அவன் ஸ்கேன் செய்து உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பிவிடுவான். படித்ததும் தாமதிக்காதே கண்ணு. இன்னும் ஒன்பது நாளில் தைப்பூசக் கூட்டம் நம் ஊரிலிருந்து கிளம்புகிறது. அதற்குள் நீ ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் உன் அம்மா பல்லடம், உடுமலை வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் நடந்து பழனிக்குப் போவாள், திரும்பி வரும்போது அவளைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு நான்கு ஆள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீ அனுப்பிய அந்த டப்பா. தீபாவளி கழிந்த வாரம் உன் சிநேகிதி கொண்டுவந்து கொடுத்தாளே, அது வந்த அன்றைக்கு நம் வீதியில் தேர் வந்த மாதிரிதான். வெள்ளை டப்பா, தங்க எழுத்து, உள்ளே பால்பாட்டில் காலத்தை நினைவுபடுத்தும் ஒரு சின்னக் கரண்டி. கொலாஜன் என்ற பெயரை உன் அம்மா ஒரு வாரம் பயிற்சி எடுத்துத்தான் சொல்லப் பழகினாள். பார்க்க வந்தவர்கள் முந்நூறு பேருக்குக் குறையாது, சரி, பதினோரு பேர். எதிர்வீட்டு மயிலாத்தாள் டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, “ஏனுங் புவனா, இது முட்டிக்குங்களா மூஞ்சிக்குங்களா” என்று கேட்டாள். “ரெண்டுக்குமாமுங்கக்கா, முடிக்கும் நகத்துக்குங்கூடவாமா, புள்ள சொல்லுச்சு” என்றாள் உன் அம்மா. “அப்ப வாய்க்கு ஏதாச்சும் பண்ணுமான்னு கேட்டுச் சொல்லுங், எங்கூட்டுக்காரருக்கு அதுதான் சாஸ்தி” என்றாள் அவள். மயிலாத்தாள் படிக்காதவள், ஆனால் ஒரு கேள்வியில் கம்பெனிக்காரன் கோவணத்தை உருவிவிட்டாள். முட்டிக்கும் மூஞ்சிக்கும் மயிருக்கும் நகத்துக்கும் ஒரே பொடி என்றால் அது என்ன மருந்து. அவிநாசித் தேரன்று கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று கூட்டம் சேர்த்துக் கடைசியில் லேகியம் விற்றுப் போவான் ஒருவன், பாம்பு பெட்டியை விட்டு வெளியே வந்ததே கிடையாது. அவனுக்குக்கூடக் கொஞ்சம் வெட்கம் இருந்தது, விற்று முடித்ததும் வண்டியேறிவிடுவான். இவர்கள் போனைத் திறந்தால் அதற்குள்ளேயே நிற்கிறார்கள். விளக்கெண்ணெயில் முக்கியெடுத்த மாதிரி பளபளக்கும் கன்னத்தோடு ஒரு பெண் கரண்டியை ஆட்டி ஆட்டிச் சிரிக்கிறாள். இருபத்திரண்டு வயதில் கன்னம் பளபளக்காமல் பின்னே என்ன செய்யும், அவள் வேப்பம்புண்ணாக்கு தின்றாலும் பளபளக்கும்.

சும்மா திட்டுகிறேன் என்று நினைக்காதே, ஆராய்ந்துவிட்டுத்தான் திட்டுகிறேன். நம் பங்காளி வீட்டு நவ்யா எலும்பு டாக்டராகி அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் அல்லவா, கார்த்திகையில் உன் அம்மாவை அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன், டப்பாவையும் பையில் எடுத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, முழங்கால் மூட்டுக்குள்ளே இருக்கிற குருத்தெலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது, இன்னும் மோசமாகவில்லை, எடையில் ஆறு கிலோ குறைத்து, தொடைச் சதைக்குத் தினமும் பயிற்சி கொடுத்தால் ஆபரேஷன் பக்கமே போகாமல் வருஷக்கணக்காக ஓட்டலாம் என்றாள். உன் அம்மா வெளியே போனதும் டப்பாவை எடுத்து வைத்தேன். “பெரீப்பா, இது விஷமெல்லாம் இல்லீங்க, வெறும் புரதம்” என்று ஆரம்பித்தாள். கொலாஜன் என்பது நம் உடம்பே தயாரிக்கிற ஒரு நார், தோல், எலும்பு, மூட்டு, நரம்புக்கயிறு எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது அதுதான், வயதாக ஆக, வெயிலில் அலைய அலைய, பீடி சிகரெட் பிடிக்கப் பிடிக்க அது குறைகிறது. இது வரைக்கும் கம்பெனிக்காரன் சொல்வது மெய். அதற்கப்புறம்தான் அவன் குட்டிக்கரணம் அடிக்கிறான். மாட்டுத் தோலிலோ மீன் தோலிலோ இருக்கும் அதே நாரை எடுத்துத் துண்டுதுண்டாக்கிப் பொடி செய்து, இதைத் தின்றால் உன் மூட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் என்கிறான். வயிற்றுக்கு முட்டி எது மூஞ்சி எது என்று தெரியாது, கொலாஜன் வந்தாலும் கொள்ளுப் பருப்பு வந்தாலும் அதை உடைத்துத் தூளாக்கி ரத்தத்தில் விடுவதுதான் அதன் வேலை, உடம்பு எங்கே தேவையோ அங்கே எடுத்துக்கொள்ளும் என்றாள் நவ்யா.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நம் திருப்பூர்ப் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக ஓ.இ. மில்லுக்குப் போகிறதே, அங்கே பல் வைத்த உருளையில் விட்டுக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடியும் நூலாக்குகிறார்கள். அந்த நூல் நம்மிடம் வந்து தறியில் ஏறினால் மெத்தை உறையாகலாம், தரை துடைக்கிற துணியாகலாம். என் பழைய பனியனைப் போட்டேன், அது கிழிந்த கழுத்தோரத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது என்று எந்த மில்லிலாவது ஒருவன் சொன்னால் அவனைப் பிடித்துக் கட்டி வைப்பார்கள். டப்பாக்காரன் அதையே சொல்கிறான், அவனுக்குத் தங்க எழுத்து. நவ்யா நியாயக்காரி, இன்னொரு பக்கமும் சொன்னாள். சின்னச் சின்னத் துண்டுகள் சில உடையாமலே ரத்தத்துக்குள் போகின்றன, அது உடம்பைத் தூண்டிப் புது நார் செய்ய வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம், மூட்டு வலி கொஞ்சம் குறைந்ததாகவும் தோல் கொஞ்சம் மிருதுவானதாகவும் சில ஆராய்ச்சியில் வந்திருக்கிறதாம். ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தது யார் என்று கேட்டேன். சிரித்தாள். கம்பெனி காசு கொடுத்ததில் பலன் தெரிகிறது, கொடுக்காததில் பெரும்பாலும் தெரிவதில்லை என்றாள். தேய்ந்த குருத்தெலும்பு இதைக் குடித்து மறுபடி வளர்ந்ததற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னாள். நல்ல பருப்பு, பால், தயிர், முட்டை, கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் உடம்பு தன் நாரைத் தானே நெய்துகொள்ளும். சரக்கு கொடுப்பதுதான் நம் வேலை, பாவும் ஊடையும் அது பார்த்துக்கொள்ளும். இவ்வளவும் நான் வந்து சொன்னதற்கு உன் அம்மா, “நவ்யாளுக்கென்னங்கண்ணா தெரியும், என்ற புள்ள அத்தனை தூரத்துல இருந்து அனுப்பியிருக்குது” என்று முடித்துவிட்டாள். பயிற்சியை ஒருநாள்கூடச் செய்யவில்லை. இரண்டாம் தடவை வரச் சொன்ன தேதிக்கும் போகவில்லை. கம்பெனிக்காரன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி இதற்குத்தான். பொடி கெடுதல் செய்யாது என்று எழுதியிருக்கிறான். ஆமாம், பொடி செய்யாது, அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது செய்யும்.

இனி நான் செய்த அக்கிரமத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி. உனக்கு அங்கே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைத்தால் பழனிக்கு நடந்து வருகிறேன் என்று உன் அம்மா வேண்டியிருந்ததும், புரட்டாசியில் அது கிடைத்ததும் உனக்குத் தெரியும். அதற்காக மார்கழி முதல் தேதி மாலை போட்டுக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் கவுச்சி கிடையாது, விடிய முந்திப் பச்சைத் தண்ணீரில் குளியல், தனிப் பாத்திரம். பாத்திரம் என்றால் சாதாரணமாக இல்லை, மயிலாத்தாள் வீட்டில் மீன் பொரித்த வாசம் காற்றில் வந்துவிட்டது என்று சமையலறையையே மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினாள், பாவம் அந்த அடுப்புக்கே சளி பிடித்திருக்கும். குளித்து, சாமி கும்பிட்டு, திருநீறு பூசிய கையோடு ஒரு கரண்டி பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பாள், சரியாக ஆறரைக்கு உன் போன் வரும், குடித்துவிட்டேன் என்பாள். மார்கழி மூன்றாம் தேதி நான் கோட்டைமேட்டில் ரைஹான் கடைக்கு என் பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். டப்பாவின் முதுகுப்பக்கத்தை முன்னாடியே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதில் ஒரு வார்த்தை கடல் சம்பந்தமாக இருந்தது, கடலுப்பு போட்டிருப்பான் போல என்று அதுவரைக்கும் விட்டுவிட்டேன். அவனிடம் காட்டினேன். பையன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாமா, புவனாத்தை விரதமுன்னு சொன்னீங்களே, இது மீனுங்க, மீன் தோலும் செதிளும் வேகவெச்சு எடுக்கறதுங்க” என்றான். நான் கடைக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டு மீன் வாசத்துக்கு அடுப்பையே கழுவியவள், முருகன் படத்துக்கு முன்னால் நின்று மூன்று நாளாக மீனைக் குடித்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஒன்றரை மாதம் குடித்ததைப் பற்றிக் கவலையில்லை, அவள் மீன் சாப்பிடுகிறவள்தான், விரத நாளில் என்பதுதான் இடி. ரைஹான்தான் பாவம் டீ வாங்கிக் கொடுத்து, “தெரியாமக் குடிச்சதுக்கு ஆண்டவன் கணக்கு வெக்க மாட்டானுங் மாமா, எங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்குது” என்று தேற்றி அனுப்பினான்.

சொல்லிவிட்டிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். மாலையைக் கழற்றுவாள், அழுவாள், வேண்டுதல் பாழானதால் உனக்கு அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று ராத்திரி பகலாகப் பயந்து சாவாள், அதற்கு மேல் உன் மேல் ஒரு சின்ன வருத்தம் வரும், அந்த வருத்தம் வந்ததற்காக இன்னொரு தடவை அழுவாள். அதனால் உன் மாமன் உலகத்தையே உய்விக்கும் ஒரு யோசனை செய்தான். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் நுழைந்து, பொட்டுக்கடலையை மிக்ஸியில் அடித்து, என் வேட்டித் துணியில் மூன்று தடவை சலித்து, டப்பாவைக் கழுவித் துடைத்து அதில் நிரப்பி, கரண்டியை முன்பிருந்த மாதிரியே சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். அசல் சரக்கை என்ன செய்தாய் மாமா என்று கேட்பாய். வீணாக்க மனசில்லாமல் நானே குடித்தேன். விஞ்ஞானத்துக்கும் ஒருவன் பலியாக வேண்டுமல்லவா. டப்பா தீரும் வரைக்கும் இருபத்தியோரு நாள், ஒரு நாளும் தவறவில்லை. முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன், சித்திரையில் வெடித்துக் கிடக்கும் குளம் எப்படியோ அப்படியே இருக்கிறது. தலையில் மொத்தம் இருந்தது பதினேழு முடி, அதில் ஒன்று இந்த இடைவெளியில் காலமாகிவிட்டது. நகம் வளர்ந்தது, ஆனால் அது எனக்கு ஐம்பது வருஷமாக வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஒருத்தனை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது என்று நவ்யா சொல்வாள், சொல்லட்டும், நான் என் முகத்துக்கு மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

என் புத்தியில் உறைக்காமல் போனது அதற்கடுத்த விஷயம். நீ தினமும் கேட்கிறாய், அவள் தினமும் இப்போ பரவாயில்லை கண்ணு, நேத்தைக்கு இன்னைக்கு நல்லா இருக்குது என்று சொல்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, பொட்டுக்கடலை மாவுக்கே முட்டி சரியாகிறதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, டப்பாக்காரன் முகத்தில் கரி பூசிவிட்டதாகக் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியை அவள் ஐந்து தடவை போட்டுக் கேட்டாள். மூன்று மாசம் கொலாஜன் எடுத்தாச்சு, முட்டி ஸ்ட்ராங் ஆயிருச்சு, தைரியமா நடம்மா, அடுத்த டப்பா ஆர்டர் பண்ணிட்டேன் என்று சொல்லியிருந்தாய். அன்றைக்கே கடைக்குப் போய் நடக்கிறதுக்கென்று செருப்பு வாங்கி வந்துவிட்டாள். மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்திருக்கவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் கிரைண்டரைப் பிடித்து, பாதி எழுந்து, அங்கேயே நின்றுவிட்டாள், முகம் வெளுத்துவிட்டது. நான் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். முட்டி வீங்கித் தேங்காய் மாதிரி இருந்தது, இதில் மிகையில்லை, நான் மிகைப்படுத்தாமல் சொல்வது என் ஆயுளில் இது மூன்றாவது தடவை. “வர்சினிகிட்டச் சொல்லிப்போடாதீங்கண்ணா” என்பதுதான் அவள் முதலில் சொன்னது, தண்ணீர்கூட அப்புறம்தான் கேட்டாள். நவ்யாவுக்குப் போன் போட்டேன். “நடக்க வெச்சீங்கன்னா கால் ஒடஞ்சுறாதுங் பெரீப்பா, ஆனா மூணு மாசம் படுத்துருவாங்க, அப்புறம் நான் சொன்ன பயிற்சியும் முடியாது, நேரா ஆபரேஷனுக்குத்தான் வருவாங்க” என்றாள்.

இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷனில்லை என்று, அன்றைக்கே உன் அத்தை மாடு கும்பிடப் போனதும் உன் அம்மாவிடம் பாதியை ஒத்துக்கொண்டேன். பொடி ஈரம் பட்டுக் கெட்டுப்போயிருந்தது, நீ வருத்தப்படுவாயே என்று நான்தான் டப்பாவில் வேறு மாவைப் போட்டு வைத்தேன், நீ ஒரு மாதமாகக் குடிக்கிறது பொட்டுக்கடலை, அதனால் மருந்தால் கால் சரியாகிவிட்டது என்று நம்பி நடக்காதே என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள் அம்மணி. “ஏனுங்கண்ணா, முப்பது வருசமா தெனமும் சட்னி அரைக்கறவளுக்குப் பொட்டுக்கடலை வாசம் தெரியாதுங்களா. மொத நாளே தெரிஞ்சுபோச்சு. நீங்கதான் ஏதோ குசும்பு பண்ணிப்போட்டீங்கன்னு உட்டுட்டேன், அந்தப் பழைய நாத்தத்துக்கு இது தேவலீன்னு” என்றாள். தெரிந்தும் எதற்குக் குடித்தாய், தெரிந்தும் எதற்குக் கால் நன்றாக இருக்கிறது என்று பிள்ளையிடம் பொய் சொன்னாய் என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு நைந்துபோன சேலை முந்தானையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டு சொன்னாள், நான் அப்படியே எழுதுகிறேன். “இந்த டப்பா வாரதுக்கு முந்தி புள்ள ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமைதானுங்கண்ணா பேசும், அதும் அவசரமா. இப்பத் தெனமும் ஆறரைக்கு குடிச்சியாம்மான்னு கேக்குது. அவங்கப்பா போனதுக்கப்பறம் இந்த ஊட்டுல காலைல ஒரு குரல் கேக்கறது இப்பத்தான். நோவு கொறையலீன்னு சொன்னா மருந்து பிரயோசனமில்லீன்னு நிறுத்திப்போடும், அப்பறம் என்னத்தைக் கேக்கப்போகுது. அதுவா நடம்மான்னு சொன்னதுக்கப்பறம் நான் எப்படிங்க நோகுதுன்னு சொல்றது.” கரண்ட் வந்துருச்சு, தறி ஓட்டணும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கரண்ட் வரவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை கண்ணு. அங்கே உனக்கு ராத்திரி எட்டு மணி, வேலை முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். தூரத்தில் இருக்கிற பிள்ளை அம்மாவின் முட்டிக்கு என்ன செய்ய முடியும், ஒரு டப்பா அனுப்ப முடியும். அந்தத் தவிப்பைப் பிடித்துத்தான் அந்தக் களவாணிகள் கடை போட்டிருக்கிறார்கள், அதனால்தான் அவர்களைத் திட்டித் திட்டி எனக்கு வாய் புளித்துப்போனது. பவுடரில் அவர்கள் போட்டது மீன் தோல், விற்பது பிள்ளைகளின் குற்ற உணர்ச்சி. அதனால் இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த டப்பாவை ரத்து செய், முடியாவிட்டால் உன் ஆபீஸில் பிடிக்காதவன் யாருக்காவது கொடு. அம்மாவை நடக்க வேண்டாம் என்று நீயே சொல், அவள் நான் சொன்னால் கேட்க மாட்டாள், நவ்யா சொன்னால் கேட்க மாட்டாள், உன் ஒரு வார்த்தைக்குத்தான் கட்டுப்படுவாள். அவள் பொய் சொன்னது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, நவ்யா எக்ஸ்ரேயை எனக்கு அனுப்பினாள், பார்த்தேன், பயந்துவிட்டேன் என்று சொல், அதற்கு நவ்யாவும் சரி சொல்லிவிட்டாள். வேண்டுதல் என்ன ஆவது என்று கேட்பாள். அதற்கும் வழி செய்திருக்கிறேன். கூட்டத்துக்குக் குருசாமியாக வருகிற ஆறுச்சாமி அண்ணனிடம் கேட்டேன், அவளுக்குப் பதிலாக வேறு ஆள் நடந்தால் செல்லுமா என்று. “கூடப்பொறந்தவன் நடந்தா அவ நடந்த மாதிரிதானுங்க, அதுல ஒண்ணும் கொறையில்ல, நீங்க பல்லடம் தாண்டுவீங்களாங்கறதுதான் எனக்குச் சந்தேகமா இருக்குது” என்றார். என்னை யார் என்று நினைத்தார். ஆனானப்பட்ட பல்லடத்தை நான் நொண்டியடித்தே தாண்டுவேன். மாலை போட்டுக்கொண்டுவிட்டேன், கறி கிடையாது, உன் அத்தை எனக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிட்டாள். உன் அம்மா தைப்பூசத்தன்று காரில் வந்து விஞ்சில் மலையேறி எனக்காகக் காத்திருக்கட்டும். மீன் விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம், அதை நான் மலைமேல் போய் முருகனிடம் நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன், தண்டனை ஏதாவது இருந்தால் தொண்ணூறு கிலோமீட்டரில் கழித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நீ தீர்க்காயுசாக, நோய் நொடியில்லாமல், உன் அம்மாவைப் போல வைராக்கியமும் உன் மாமனைப் போல அழகும் பெற்று வாழ நானும் உன் அத்தையும் மனசார ஆசீர்வதிக்கிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் ரொட்டியைத் தின்று காலத்தைத் தள்ளாதே, பருப்புச் சோறு வைத்துச் சாப்பிடு. கடைசியாக ஒன்றே ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. டப்பா நின்றாலும் ஆறரை மணி நிற்கக் கூடாது. நவ்யா சொன்ன பயிற்சி ரொம்பச் சுலபம், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரைக்கும் பிடித்து, மெல்ல இறக்க வேண்டும், ஒரு காலுக்குப் பத்துத் தடவை. தனியாகச் செய்யச் சொன்னால் அவள் செய்ய மாட்டாள், நீ போனில் எண்ணு, அவள் நீட்டட்டும். குடிச்சியாம்மா என்று கேட்க அரை நிமிஷம்தான் ஆகும். இரண்டு காலுக்கும் நிதானமாக எண்ணி முடிக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும். வேகமாக எண்ணிவிடாதே அம்மணி.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
பழனிப் பாதயாத்திரைக்குப் புறப்படும்
சென்னிமலை